கோழி ஷெட்டின் அம்மோனியாவை வெயில் தீர்க்குமா?

[காட்சி: ஊத்தங்கரை பக்கம் ஒரு கறிக்கோழி ஷெட். விடியற்காலை. படுதாவைத் திறக்கிறார்கள்.]

குரல்: மார்கழியில் இந்த நேரத்துக்கு ஷெட்டுக்குள் கால் வைத்தால் முதலில் கண் எரியும், அப்புறம் தொண்டை கரகரக்கும். காரணம் அம்மோனியா. எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலத்தை, தரையில் பரப்பிய ஈர உமியில் வாழும் பாக்டீரியாக்கள் உடைப்பதால் வரும் வாயு. ஷெட்டுக்குள் இது 25 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்பார்கள். அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு. தாண்டினால் கோழியின் மூச்சுக்குழாய் புண்ணாகும், எடை ஏறாது. வெளியே போன பிறகும் தொல்லைதான்: வண்டிப் புகையிலிருந்து உருவாகும் அமிலங்களோடு சேர்ந்து நுண்துகளாக மாறிவிடும்.

[வரைபடம்: வெள்ளைப் பூச்சின் மேல் ஒளி விழுகிறது]

இந்த அம்மோனியாவை வெயிலை வைத்தே உடைக்கலாம். அதற்குப் பூச்சாக அடிக்கும் வினையூக்கி, அதாவது தான் செலவாகாமல் வினையை நடத்திவைக்கும் பொருள், டைட்டானியம் டை ஆக்சைடு. இதில் ஒளி பட்டால் தண்ணீர் பிரிகிறது என்று 1972-இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் எழுதியதிலிருந்துதான் இந்தத் துறை சூடு பிடித்தது. ஒளி பட்டதும் உள்ளே ஓர் எலக்ட்ரான் துள்ளி எழும். அது விட்டுப்போன காலியிடம் மேற்பரப்பின் ஈரத்திலிருந்து ஹைட்ராக்சில் என்ற வெறி பிடித்த துண்டை உருவாக்கும். அது அம்மோனியாவிடமிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும். எல்லாம் சரியாக நடந்தால் மிஞ்சுவது நைட்ரஜனும் தண்ணீரும்.

சரியாக நடக்காவிட்டால்? நைட்ரேட் உண்டாகிப் பூச்சின் மேலேயே படியும், கழுவினால் போகும். நைட்ரஸ் ஆக்சைடு வந்தால்தான் வம்பு. பூமியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 270 மடங்கு.

சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்டிலும் இதே பொருள்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் பெயின்ட் தானே உதிர்ந்துவிடக் கூடாது என்று, அதன் துகள்களுக்கு மேலுறை போட்டு இந்த வினையை அடக்கி வைத்திருப்பார்கள். அதனால் அதை அடித்துப் பயனில்லை.

[காட்சி: ஷெட்டின் கூரை, மேலே உச்சி வெயில்]

கிருஷ்ணகிரியில் வெயிலுக்கா பஞ்சம்? இல்லை. ஆனால் அதில் இந்தப் பொருளுக்குப் பயன்படும் புற ஊதா, நூற்றில் நான்கைந்து பங்குதான். கார்பன் நைட்ரைடு போன்றவை கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்யும். அது பரவாயில்லை. எனக்குப் பெரிய சிக்கலாகப் படுவது வேறு. வெயில் உள்ளே விழக் கூடாது என்றுதான் ஷெட்டையே கிழக்கு மேற்காக நீளவாக்கில் கட்டுகிறோம். அம்மோனியா சேருவதோ, குளிருக்குப் படுதா மூடிய இரவில். தளி, ஓசூர் பக்கம் இன்னும் மோசம். வினையூக்கியும் வெயிலும் வாயுவும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சந்திப்பதே இல்லை!

வழி இருக்கிறது. இத்தாலியில் ஒரு பன்றிப் பண்ணையில் பூச்சோடு புற ஊதா விளக்கையும் வைத்து அம்மோனியாவைக் குறைத்தார்கள். அதற்குக் கரன்ட் செலவு. எனக்குப் பிடித்த வழி ஜியோலைட். இந்தக் கனிமத்தின் நுண்துளைகள் இரவில் அம்மோனியாவைப் பிடித்து வைக்கும். அதோடு வினையூக்கியைக் கலந்து, பகலில் கூரை மேல் வெயிலில் வைத்தால் பிடித்ததை உடைக்கலாம். ஆய்வகத்தில் இந்தக் கலவையைச் சோதித்திருக்கிறார்கள். பண்ணையில் இறகுத் தூசி படிந்து ஒளியை மறைக்கும், அதைத் துடைக்க ஆள் வேண்டும்.

[காட்சி: குடிநீர் நிப்பிளில் சொட்டும் தண்ணீர், அருகில் உமியைக் கிளறும் கை]

அதுவரை சொட்டும் நிப்பிளை மாற்றுங்கள், உமியைக் கிளறிக் காய விடுங்கள். அம்மோனியா காற்றைவிட லேசானது. இரவில் படுதாவின் மேல் விளிம்பில் ஒரு சாண் இடைவெளி விட்டாலே நிறைய வெளியேறிவிடும்.