கதவைக் கழற்றச் சொன்ன அண்ணனுக்கு

நடுவர் அவர்களே, வியாசர்பாடி மக்களே, வணக்கம். மனிதனுக்கு அடையாளம் தருவது நாட்டின் எல்லையா, கூடி வாழும் வாழ்க்கையா? வாழ்க்கைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் ஒன்று கேட்டார். "எல்லை பெரிதில்லை என்றால் உங்கள் வீட்டுக் கதவைக் கழற்றிக் காயலான் கடையில் போடுங்களேன்!" நீங்களும் கை தட்டினீர்கள். சரி, கதவைப் பற்றியே பேசுவோம்.

என் ஆயா 1932இல் ரங்கூனில் பிறந்தவர். அப்போது பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1937 ஏப்ரல் 1 அன்று அதைத் தனியாகப் பிரித்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளை, முதல் நாள் விளையாடிய அதே வாசலில் மறுநாளும் விளையாடுகிறது. இந்தியா அந்த வாசலை விட்டுப் போய்விட்டது. அண்ணே, அந்த வீட்டுக்கும் கதவு இருந்தது. யாரும் வந்து தட்டக்கூட இல்லை!

1964இல் ராணுவ அரசு கடைகளை அரசுடைமையாக்கியது. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. தாத்தாவின் கடை போனது. கப்பலேறும்போது நடந்த சோதனையில் காதுத் தோடும் போனது. மூட்டையோடு வந்து நம் துறைமுகத்தில் இறங்கினார்கள்.

அப்புறம் ஒரு விண்ணப்பம் எழுதப் போனார் ஆயா. எழுதுகிறவர் கேட்டார்: "சொந்த ஊர்?"

"ரங்கூன்."

"அதில்லம்மா, இந்தியாவுல எந்த ஊரு?"

"ரங்கூன்தாம்பா."

"அது வெளிநாடும்மா!"

"நான் பொறக்கும்போது இல்லியே!"

அவர் பேனாவை மூடிவிட்டார். நடுவர் அவர்களே, அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது? ரங்கூன் என்று எழுதினால் அந்நியர். சென்னை என்று எழுதினால் பொய். "நான் பொறக்கும்போது இல்லியே" என்ற அந்த ஒரு வரிக்கு எதிரணியில் யாராவது பதில் சொல்லட்டும், நான் உட்கார்ந்துவிடுகிறேன்!

கதவு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, அண்ணே. ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட் 1795இல் நிரந்தர அமைதியைப் பற்றி எழுதியபோது அரசுகளைக் கலைக்கச் சொல்லவில்லை. பூமி உருண்டை, மனிதர்கள் முடிவில்லாமல் விலகிப் போக முடியாது, அதனால் வந்து நிற்கும் அயலாரைப் பகைவராக நடத்தாதே என்றார். கதவு இருக்கட்டும். வெளியே நிற்பவர் யார் என்று திறந்து பார்க்கிற மனசும் இருக்கட்டும்.

அந்த மனசு இந்தத் தெருவில் இருந்தது. பக்கத்து வீட்டு மீன்காரம்மா முதல் நாளே குழம்புச் சட்டியோடு வந்து நின்றார். ஆயா அவருக்கு பர்மா நூடுல்ஸான அத்தோ பிசைந்து, வாழைத்தண்டு சூப்போடு கொடுத்தார். இன்றைக்கு இங்கே பிறந்த பிள்ளைகள், பர்மாவையே பார்க்காத பிள்ளைகள், சாயங்காலமானால் அத்தோ வண்டியைத்தானே தேடுகிறார்கள்? எந்த ஒப்பந்தம் போட்டு இது நடந்தது?

ஆயாவுக்குத் தமிழில் எண்ண வராது. சில்லறை என்றாலும் சோற்றுக்கு உட்கார்ந்த பிள்ளைகள் என்றாலும் பர்மிய மொழியில்தான் எண்ணுவார். தித், நித், தோன் என்று ஒவ்வொரு தலையையும் தொட்டுத் தொட்டு எண்ணி, அத்தனை தட்டு வைப்பார். நாங்களும் அப்படியேதான் எண்ணப் பழகினோம்.

கடைசி நாட்களில் பார்வை போய்விட்டது. ஒரு ராத்திரி எல்லோரையும் கட்டிலருகே வரச் சொல்லி, கையால் தடவி எண்ணினார். தித், நித், தோன்... குரல் நடுங்கியது, விரல் நிற்கவில்லை. ஏழு வரை எண்ணிவிட்டு, "எல்லாரும் இருக்கீங்க" என்று படுத்துக்கொண்டார்.

நடுவர் அவர்களே, பேரப்பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேர்தான். மற்ற இருவர் மீன்காரம்மா வீட்டுப் பிள்ளைகள்.