அம்ராம் வீட்டில் தீ

நூலகச் சங்கத் தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய புரவலர் ஐயா அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தில் பாதியை உரிமையோடு எடுத்துக்கொண்ட முன்னாள் தலைமையாசிரியர் அவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

யூத அறநெறியில் காமத்தைக் காக்கும் வழிகளைக் கண், தனிமை, நாணம் என்னும் மூன்று தலைப்புகளில் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் பற்றிக்கொண்டதே என்று அழலாமா என்பது நான் எந்த மேடையிலும் விடாமல் சொல்லும் பழமொழி. யூத ஆசான்கள் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். உறவல்லாத ஆணும் பெண்ணும் அடைத்த அறையில் தனித்திருப்பதை விலக்கும் விதிக்கு யிஹூத் என்று பெயர். மது விலக்கு நோன்பு பூண்ட நசரேயன் திராட்சைத் தோட்டத்தையே சுற்றிக்கொண்டு போகட்டும் என்பது அவர்களுடைய சொலவடை.

யூத ஆசான்களின் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய பெருநூலான பாபிலோனியத் தால்முதின் கித்துஷின் பகுதி, 81ஆம் ஏட்டில் ஒரு கதை வருகிறது. சிறைமீட்ட பெண்களை நெஹர்தேயா நகருக்கு அழைத்துவந்து, பக்திமான் எனப் பெயர்பெற்ற ஆசான் ராவ் அம்ராமின் வீட்டு மாடியில் தங்கவைத்து, ஏணியையும் அகற்றிவிட்டார்கள். ஒருத்தி நடந்துபோகையில் மேல் திறப்பின் வழியே ஒளி விழுந்தது. அவ்வளவுதான், பத்துப் பேர் சேர்ந்தும் தூக்கமுடியாத அந்த ஏணியைப் பெரியவர் ஒருவராகத் தூக்கிச் சாத்தி ஏறத் தொடங்கினார். பாதி ஏணியில் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, “அம்ராம் வீட்டில் தீ!” என்று ஊரே கேட்கக் கத்தினார். ஓடிவந்த அறிஞர்கள், எங்களை வெட்கப்படுத்திவிட்டீரே என்றார்கள். மறுவுலகில் வெட்கப்படுவதைவிட இவ்வுலகிலேயே வெட்கப்படுவது மேல் என்றார் அவர். பின்பு அவர் ஆணையிட, அந்தத் தீய உந்துதல் நெருப்புத்தூணாக அவரைவிட்டு வெளியேறியதாம்.

மாடியில் இருந்த பெண்களைப் பழிக்கும் சொல் ஒன்றுகூட அக்கதையில் இல்லை என்பதைத் தம்பிமார் கவனிக்க வேண்டும். பஞ்சு, நெருப்பு என்றதும் பஞ்சைத் திட்டும் வழக்கம் நம்மவர்க்கு உண்டு.

அவர்கள் ஏணியை அகற்றினார்கள். நாமோ கைப்பேசி என்னும் ஏணியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு உறங்குகிறோம். இரவு 10 மணிக்கு மேல் கைப்பேசி கூடத்திலேயே இருக்கட்டும் என்று இரண்டு ஆண்டுகளாக வீடுவீடாகச் சொல்லிவருகிறேன். கண், நாணம் ஆகிய தலைப்புகளுக்கு நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வாயிலில் உறுதிமொழி நோட்டு வைத்திருக்கிறோம். சாப்பிடச் செல்லும் முன், ஆண்கள் முதலில் கையெழுத்திடுமாறு வேண்டுகிறேன்.