படத்தின் முகவரி யாருடையது? கிளவுட் படச் சேவைகளில் பயனர்கள் காணும் வசதியும் சிக்கலும்

(திரையில்: 4000 பிக்சல் அகலமும் 3000 பிக்சல் உயரமும் கொண்ட ஓர் ஒளிப்படம். அதன் ஒரு மூலையில் 800-க்கு 600 அளவிலான சிறு கட்டம்.)

வணக்கம். ஒரு வலைப்பக்கம் தாமதமாகத் திறந்தால் அதிலுள்ள படங்களையே முதலில் சந்தேகிக்க வேண்டும். 12 மெகாபிக்சல் கைப்பேசி ஒளிப்படம் ஒன்றைப் பக்கத்தில் 800-க்கு 600 என்ற அளவில் காட்டும்போது, அனுப்பப்பட்ட பிக்சல்களில் 25-இல் ஒரு பங்குக்குத்தான் திரையில் இடம் இருக்கிறது. மற்றவை வாசகரின் டேட்டாவைச் செலவழித்துவிட்டு வீணாகின்றன. சுருக்கப்பட்ட கோப்பாகச் சில எம்பி மட்டுமே இருக்கும் அந்தப் படத்தை உலாவி விரித்து வரையும்போது, ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் சுமார் 48 எம்பி நினைவகத்தை அது எடுத்துக்கொள்கிறது. இந்தச் சுமையை இறக்கிவைப்பதுதான் கிளவுட் படச் சேவைகளின் முதல் வேலை. அவற்றைப் பயன்படுத்துவோர் எதைப் பாராட்டுகிறார்கள், எங்கே அவதிப்படுகிறார்கள், அந்த அவதி மென்பொருளின் எந்தப் பகுதியிலிருந்து பிறக்கிறது என்பவற்றை இந்த வீடியோவில் பார்ப்போம்.

கிளவுடினரி, இமிஜிக்ஸ், இமேஜ்கிட் போன்ற சேவைகள் ஏறத்தாழ ஒரே முறையில் இயங்குகின்றன. மூலப் படத்தை ஒருமுறை பதிவேற்றினால் போதும். அகலம் எவ்வளவு, எந்தப் பகுதியை வெட்ட வேண்டும், தரம் எவ்வளவு என்ற கட்டளைகள் அந்தப் படத்தின் இணைய முகவரிக்குள்ளேயே எழுதப்படுகின்றன. அந்த முகவரியை முதன்முதலில் ஒருவர் திறக்கும்போது சர்வர் மூலத்திலிருந்து ஒரு புதிய நகலை உருவாக்கி அனுப்புகிறது. பிறகு அந்த நகல், பார்வையாளர்களுக்கு அருகிலிருந்து தருவதற்காக உலகின் பல இடங்களில் வைக்கப்பட்டுள்ள சிடிஎன் என்ற வலையமைப்பின் சர்வர்களில் தங்கிவிடுவதால், அடுத்து வருவோருக்கு அருகிலிருந்தே கிடைக்கிறது.

படம் எந்தக் கோப்பு வடிவத்தில் போக வேண்டும் என்பதையும் சேவையே தீர்மானிக்கும். ஜேபெக் 1992-இல் வந்தது. கூகுள் 2010-இல் வெப்பியை அறிமுகப்படுத்தியது. ஏவிஃப் 2019-இல் வெளியானது. ஒவ்வொரு உலாவியும் ஒவ்வொரு காலத்தில்தான் இவற்றை ஏற்றுக்கொண்டது. ஆப்பிளின் சஃபாரி வெப்பியை ஏற்க 2020 வரை காத்திருக்க நேர்ந்தது. உலாவி படத்தைக் கேட்கும்போதே தான் ஏற்கும் வடிவங்களையும் சொல்லிவிடுகிறது. அதைப் பார்த்துச் சேவை உரிய வடிவத்தை அனுப்புகிறது. தளத்தை நடத்துபவர் ஒரு வரிகூட மாற்றாமல் இது நடந்துவிடுகிறது. இந்தச் சேவைகளைப் பற்றி மென்பொருளாளர்கள் சொல்லும் பாராட்டுகளில் பெரும்பங்கு இந்த இடத்தைச் சேர்ந்தது. அது நியாயமான பாராட்டுதான்.

அதே நிறுவனத்தில், அதே சேவையை, வேறொருவர் வேறு விதமாக உணர்கிறார். அவர் படங்களைத் தேடி எடுத்துப் பயன்படுத்தும் ஆசிரியரோ விளம்பரப் பிரிவைச் சேர்ந்தவரோ வடிவமைப்பாளரோ ஆக இருப்பார். ஏவிஃப் பற்றி அவருக்குக் கவலையில்லை. சென்ற ஆண்டு எடுத்த அந்தப் படம் எங்கே, அதை இன்னும் பயன்படுத்த உரிமை இருக்கிறதா என்பதே அவருடைய கேள்வி. அறிமுகக் காட்சிகளில் எப்போதும் கைதட்டல் பெறும் தானியங்கி டேக் வசதி, அதாவது படத்தில் இருப்பதைப் பார்த்துத் தானே குறிச்சொல் இடும் வசதி, இங்கே அரைகுறையாகத்தான் உதவுகிறது. படத்தில் வானம் இருக்கிறது, ஒரு மனிதர் இருக்கிறார், நாய் இருக்கிறது என்று இயந்திரம் சரியாகவே சொல்லிவிடும். ஆனால் அது எந்தத் திட்டத்திற்காக எடுக்கப்பட்டது, எடுத்தவர் யார், உரிமக் காலம் எப்போது முடிகிறது என்பவை படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய செய்திகள் அல்ல. அவற்றை ஒரு மனிதர் தட்டச்சு செய்தே ஆக வேண்டும். படங்களைச் சேமித்து, டேக் இட்டு, தேடி எடுக்க உதவும் ஊடக மேலாண்மை மென்பொருளை வாங்கிய பிறகு, அந்த வேலை யாருடையது என்று முடிவு செய்யாத குழுக்களில், சில மாதங்களுக்குள் 'இறுதி', 'இறுதி புதியது', 'இதுதான் இறுதி' என்ற பெயர்களில் கோப்புகள் குவியத் தொடங்குகின்றன. அதற்கு மென்பொருளைக் குறை கூறுவது எளிது. என் பார்வையில் பெரும்பாலும் அது நியாயமில்லை.

மென்பொருளைக் குறை கூறத் தக்க இடமும் இருக்கிறது. ஒளிப்படக் கோப்புக்குள் எக்சிஃப், ஐபிடிசி என்ற இரு வகைக் குறிப்புகள் இருக்கலாம். எடுத்த நேரம், கேமரா அமைப்பு, சில நேரங்களில் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி ஆகியவை முதல் வகை. எடுத்தவர் பெயர், காப்புரிமை வாசகம், படவிளக்கம் ஆகியவை இரண்டாம் வகை. அளவைக் குறைப்பதற்காகப் பல சேவைகள் நகலை உருவாக்கும்போது இவ்விரண்டையும் ஒருசேர நீக்கிவிடுகின்றன. ஒருவருடைய வீட்டின் இருப்பிடம் பொதுவெளிக்குப் போகாமல் தடுக்கப்படுவது நல்லதுதான். ஆனால் எடுத்தவரின் பெயரும் அதோடு போய்விடுகிறது என்பதைப் பல ஒளிப்படக் கலைஞர்கள் தாமதமாகவே அறிந்துகொள்கிறார்கள். படத்தின் வண்ணங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் வண்ணச் சுயவிவரத்தின் கதையும் இத்தகையதே. புதிய கைப்பேசிகள் பதிவு செய்யும் விரிந்த வண்ண எல்லையை முறையாக மாற்றாமல் அந்தச் சுயவிவரத்தை மட்டும் நீக்கினால், சிவப்பும் பச்சையும் மங்கித் தெரியும். படம் கெட்டுவிட்டது என்று பயனர் நினைப்பார். எதை நீக்க வேண்டும், எதை வைத்திருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி பெரும்பாலான சேவைகளில் உண்டு, அமைப்புப் பக்கங்களின் ஆழத்தில்.

(திரையில்: ஒரே முகவரி, இரண்டு உலாவிகள். ஒன்றில் பழைய படம், மற்றொன்றில் புதியது.)

இனி, உதவி மையங்களுக்கு ஓயாமல் வந்துகொண்டிருக்கும் ஒரு புகாரைப் பார்ப்போம். படத்தை மாற்றிவிட்டேன், ஆனாலும் பழையதே தெரிகிறது என்பதுதான் அது. பழைய நகல் சிடிஎன் சர்வரிலும் பார்ப்பவரின் உலாவியிலும் தங்கியிருப்பதே காரணம். சிடிஎன்னில் இருப்பதை அழிக்கச் சொல்லிவிடலாம். பிறருடைய உலாவிக்குள் யாரும் கைவைக்க முடியாது. அதனால்தான் படம் மாறும்போது முகவரியிலுள்ள பதிப்பு எண்ணையும் மாற்றும் வழக்கம் உருவானது. முகவரி புதிதானால் உலாவியும் புதிதாகக் கேட்கும். வேகத்தைத் தருவது எதுவோ அதுவே இந்தத் தொல்லையையும் தருகிறது என்பதால், இதை முற்றிலும் ஒழித்த சேவை என்று எதுவும் இல்லை.

அடுத்தது பில். கிளவுட் படச் சேவைகள் பொதுவாகச் சேமிப்பு, உருமாற்றம் (மூலத்திலிருந்து புதிய நகலை உருவாக்குவது), பார்வையாளர்களுக்கு அனுப்பப்படும் தரவு ஆகிய மூன்றையும் அளக்கின்றன. கிளவுடினரி இவற்றை ஒரே அலகில் கணக்கிட்டது: ஆயிரம் உருமாற்றங்கள், அல்லது ஒரு ஜிபி சேமிப்பு, அல்லது ஒரு ஜிபி தரவு என ஏதேனும் ஒன்றுக்கு ஒரு கிரெடிட். இலவசத் திட்டத்தில் மாதத்திற்கு 25 கிரெடிட். கேட்பதற்கு எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் உருமாற்றங்கள் பெருகும் விதத்தை யாரும் முன்கூட்டி நினைத்துப் பார்ப்பதில்லை. கைப்பேசி, டேப்லெட், பெரிய திரை என ஆறு அகலங்களில், மூன்று கோப்பு வடிவங்களில் ஒரு படம் வழங்கப்பட்டால் 18 நகல்கள் உருவாகின்றன. தளத்தில் 5,000 படங்கள் இருந்தால் 90,000. வடிவமைப்பாளர் ஒருநாள் அகலங்களைச் சற்றே மாற்றினால் அத்தனையும் மறுபடியும் உருவாகும். அந்த மாதப் பில்லைப் பார்த்து நிர்வாகம் திகைக்கும்.

இதைவிட விரும்பத்தகாத வழியும் ஒன்று இருக்கிறது. கட்டளைகள் முகவரியிலேயே இருப்பதால், யார் வேண்டுமானாலும் எண்களை மாற்றி மாற்றிக் கேட்டு, உங்கள் கணக்கில் ஆயிரக்கணக்கான உருமாற்றங்களை ஏற்றிவிட முடியும். இதைத் தடுக்கக் கையொப்பமிட்ட முகவரிகள் உள்ளன: ரகசியச் சாவியைக் கொண்டு கணக்கிடப்பட்ட ஒரு குறியீடு முகவரியில் இல்லையென்றால் சர்வர் புதிய நகலை உருவாக்க மறுத்துவிடும். இதை முதல் நாளிலேயே இயக்கிவைப்பது நல்லது.

இதுவரை சொன்னவை எல்லாம் சேவை நன்றாக நடந்துகொண்டிருக்கும்போது வரும் சிக்கல்கள். சேவையின் நிபந்தனைகளே மாறும்போது என்ன நடக்கும் என்பதற்கு இணையத்தின் வரலாற்றில் போதிய சான்றுகள் உள்ளன. 2003-இல் தொடங்கப்பட்ட ஃபோட்டோபக்கெட் என்ற படச் சேமிப்புத் தளம், 2017-ஆம் ஆண்டின் நடுவில் தன் விதிமுறைகளை மாற்றி, பிற தளங்களில் படங்களைக் காட்ட ஆண்டுக்கு 399.99 டாலர் திட்டம் வேண்டும் என்றது. பணம் கட்டாதவர்களின் படங்கள் இருந்த இடத்தில், கணக்கை மேம்படுத்தச் சொல்லும் ஓர் அறிவிப்புப் படம் தோன்றியது. விற்பனைத் தளங்களில் பொருள்களின் படங்கள் காணாமற்போயின. பழுது பார்ப்பது எப்படி, கைவினை செய்வது எப்படி என்று படிப்படியாகப் படங்களோடு எழுதப்பட்ட பழைய வழிகாட்டிகள் பலவும் எழுத்து மட்டும் மிஞ்சிப் பொருளிழந்தன. எழுதியவர்களில் பலர் அந்தக் கணக்குகளைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன; கடவுச்சொல்லும் நினைவில் இல்லாதவர்கள் எதைக் கட்டி எதை மீட்பது? அடுத்த ஆண்டு அந்நிறுவனம் குறைந்த கட்டணத் திட்டங்களோடு வந்தது. அதற்குள் பலர் வேறு இடம் தேடிப் போயிருந்தார்கள்.

ஒரு நிறுவனத்தோடு இது நிற்கவில்லை. 2013-இல் ஒரு டெராபைட் இலவச இடம் தந்த ஃபிளிக்கர், 2018-இல் ஸ்மக்மக் நிறுவனத்தின் கைக்கு மாறிய பிறகு இலவசக் கணக்குகளுக்கு 1,000 படங்கள் என்ற வரம்பை அறிவித்தது. டைனிபிக் 2019-இல் மூடப்பட்டது. 2015 முதல் அளவின்றி இலவசமாகப் படங்களை ஏற்ற கூகுள் போட்டோஸ், 2021 ஜூன் 1 முதல் புதிய பதிவேற்றங்களைக் கணக்கின் சேமிப்பு வரம்பில் சேர்த்தது. கணக்கில் நுழையாமல் பதிவேற்றப்பட்டு நெடுநாள் பயன்படாமல் கிடந்த படங்களை நீக்கப்போவதாக இம்கர் 2023-இல் அறிவித்தது. இவற்றில் எதையும் சூழ்ச்சி என்று நான் சொல்லமாட்டேன். சேமிப்புக்கும் தரவுப் போக்குவரத்துக்கும் யாரோ மாதந்தோறும் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்; அந்த யாரோ சலித்துப்போகும் நாளில் விதி மாறுகிறது.

(திரையில்: படத்தின் முகவரி இரண்டாகப் பிரிகிறது. முதல் பகுதி 'டொமைன்', அதாவது தளத்தின் பெயர்; இரண்டாம் பகுதி 'கட்டளைகளும் கோப்பின் பெயரும்'.)

இந்த நிகழ்வுகளில் பயனர்களை உண்மையில் வருத்தியது எது என்று கவனியுங்கள். படக் கோப்பு பலரிடம் வேறெங்கோ இருந்தது, போனது முகவரி. நூற்றுக்கணக்கான பக்கங்களில் எழுதப்பட்டிருந்த அந்த முகவரி அடுத்தவருடைய டொமைனில் இருந்ததால், அதைத் திருத்தும் உரிமை எழுதியவரிடம் இல்லை. ஆகவே படங்களை உங்கள் சொந்த டொமைனின் ஒரு துணை முகவரி வழியாக வழங்குவதே இதற்கான நேரடித் தீர்வு. பல சேவைகள் இதைக் கட்டணத் திட்டங்களில் மட்டுமே தருகின்றன. மற்ற கூடுதல் வசதிகளைவிட இதற்குப் பணம் கட்டுவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். சேவையை மாற்றும் நாளில், எந்த டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு ஒன்றை மாற்றினால் டொமைன் புதிய இடத்தைக் காட்டும்.

ஆனால் முகவரியின் இரண்டாம் பகுதி இன்னும் சிக்கல்தான். அகலத்தையும் வெட்டும் முறையையும் எழுதும் விதம் சேவைக்குச் சேவை வேறுபடுவதால், ஒன்றின் கட்டளைகள் மற்றொன்றுக்குப் புரியாது. அதனால் எண்களை நேரடியாக எழுதாமல், 'சிறுபடம்', 'முகப்புப்படம்' என்பது போலப் பெயரிட்ட உருமாற்றங்களைப் பயன்படுத்துவது உதவும். வடிவமைப்பு மாறும்போது ஓரிடத்தில் திருத்தினால் போதும். சேவை மாறும்போது மொழிபெயர்க்க வேண்டியவை ஆயிரக்கணக்கான முகவரிகளாக இல்லாமல் ஏழெட்டுப் பெயர்களாகச் சுருங்கிவிடும்.

சேமிப்பின் நம்பகத்தன்மை பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். 2006-இல் தொடங்கிய அமேசான் எஸ்3 போன்ற சேமிப்பகங்கள் 99.999999999 விழுக்காடு நீடிப்புக்காக வடிவமைக்கப்பட்டவை. வட்டு பழுதாகிக் கோப்பு அழிவதற்கு எதிரான காப்பு அது. நீங்களே தவறுதலாக அழித்துவிட்டால் அழிந்த நிலையும் அதே நம்பகத்தன்மையோடு நீடிக்கும். நீடிப்பதும் எப்போதும் கிடைப்பதும் ஒன்றல்ல: 2017 பிப்ரவரி 28 அன்று, பராமரிப்பின்போது தவறாகத் தட்டச்சு செய்யப்பட்ட ஒரு கட்டளையால் எஸ்3-இன் ஒரு பகுதி சில மணி நேரம் முடங்கி, எண்ணற்ற தளங்களில் படங்கள் தெரியாமற்போயின. கைப்பேசியோடு ஒத்திசையும் சேவைகளில் ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிகிறது என்பதையும், அதைப் பேக்கப் என்று நம்பியிருந்தவர்கள் பலர் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். மூலப் படங்களின் ஒரு தொகுப்பாவது அந்தச் சேவைக்கு வெளியே இருக்க வேண்டும்.

கடைசியாக, வெளியேறும் வழி. பெரிய கிளவுட் நிறுவனங்களான கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2024-இன் தொடக்கத்தில், தங்கள் சேவையை முற்றிலும் விட்டு விலகுவோருக்குத் தரவை வெளியே எடுக்கும் கட்டணத்தை நீக்குவதாக அறிவித்தன. இது அடித்தளச் சேமிப்பைப் பற்றிய ஏற்பாடு. அதன்மேல் கட்டப்பட்ட ஊடக மேலாண்மை மென்பொருளில் நீங்கள் ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்த டேக்குகளுக்கும் ஃபோல்டர் அமைப்புக்கும் இது பொருந்தாது. அவை பெரும்பாலும் படக் கோப்புக்குள் இல்லாமல் சேவையின் தரவுத்தளத்தில் இருக்கின்றன. படங்களை மட்டும் பதிவிறக்கினால் அவை பின்தங்கிவிடும். மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழியான ஏபிஐ வழியாக எடுக்கலாமென்றால் ஒரு மணி நேரத்திற்கு இத்தனை கோரிக்கைகள் என்ற வரம்பு குறுக்கே நிற்கலாம். எடுத்தவர் பெயரையும் உரிமை விவரங்களையும் பதிவேற்றுவதற்கு முன்பே கோப்பின் ஐபிடிசி பகுதியில் எழுதிவிட்டால், மூலத்தைத் திரும்பப் பெறும்போது அவையும் கூடவே வரும்.

ஒரு சேவையைத் தேர்ந்தெடுக்கும் முன், அதன் சோதனைக் காலத்தில் நூறு படங்களை ஏற்றி, டேக் இட்டு, அத்தனையையும் உடனே வெளியே எடுத்துப் பாருங்கள். திரும்பி வந்த மூலக் கோப்பு நீங்கள் அனுப்பியதோடு பைட்டுக்குப் பைட் ஒத்திருக்கிறதா, அல்லது பதிவேற்றும்போதே சுருக்கப்பட்டுவிட்டதா என்பதைச் சரிபாருங்கள். டேக்குகள் எந்த வடிவில் வந்தன, எந்தப் படத்துக்கு எந்த டேக் என்பது அந்தக் கோப்பிலிருந்தே தெரிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.