தினதியானமும் அடுத்த வீட்டு வாசலும்

(ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்துகாலத்தில், திருப்பூரில் நடந்த மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான சகோதரர்களே, சகோதரிகளே, பெரியவர்களே,

இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் நாளைக் காலை எட்டரைக்கு மெஷின் முன்னால் உட்கார வேண்டியவர்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டு மணிக்கு வெளியே வருகிறவர்கள். உங்களிடம் மடத்துத் துறவிகளின் நேரக்கணக்கைச் சொல்லிப் பயனில்லை. காலையில் இருபது நிமிஷம், இரவில் ஐந்து நிமிஷம், இதற்குள் அடங்குகிற ஓர் ஒழுங்கைத்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் வாசித்த வேதம் பொழுது சாய்வதற்குள் நம்மை ஒரு மனிதரிடம் கொண்டுபோய் நிறுத்தவில்லை என்றால், அன்றைய தியானம் இன்னும் முடியவில்லை.

மாற்கு சுவிசேஷம் முதல் அதிகாரத்தைப் பாருங்க. 35-ஆம் வசனத்தில் இயேசு இருட்டோடே எழுந்து, வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபம் பண்ணுகிறார். சீமோன் தேடி வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார். அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார் ஆண்டவர். 40-ஆம் வசனத்திலேயே குஷ்டரோகி வந்து நிற்கிறான். அவர் கையை நீட்டித் தொடுகிறார். ஜெபத்துக்கும் அந்தத் தொடுதலுக்கும் நடுவே ஐந்தே வசனம்.

எதை வாசிப்பது? லூக்கா சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 24 அதிகாரம், 1151 வசனம். நாளுக்குப் பன்னிரண்டு என்று வைத்தால் 96 நாளில் முடியும். பன்னிரண்டு என்பது சட்டம் அல்ல. ஒரு சம்பவமோ உவமையோ முழுதாக முடிகிற இடத்தில் நிறுத்துங்கள்.

புத்தாண்டு ராத்திரி ஆராதனையில் 'இந்த வருஷம் முழு வேதாகமம்' என்று தீர்மானிக்கிறவர்கள் பெரும்பாலும் எங்கே நின்றுபோகிறார்கள் தெரியுமா? நாளுக்கு மூன்று அதிகாரம் வாசித்தால் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, இரண்டும் முப்பது நாளில் முடியும். ஜனவரி 31 அன்று லேவியராகமம். பலிகளின் முறை, தோல்நோய்ச் சட்டம் என்று வர வர, பிப்ரவரி முதல் வாரத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். விடாமல் வாசித்திருந்தால் பிப்ரவரி 6 அன்று பத்தொன்பதாம் அதிகாரம் வந்திருக்கும். வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவனுக்கு விடு, கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது, உன்னிடத்தில் தங்குகிற அந்நியனைச் சுதேசிபோல எண்ணு. மூன்றும் அந்த ஓர் அதிகாரத்தில் இருக்கின்றன. திருப்பூருக்கு இதைவிடத் தேவையான அதிகாரம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே குறைவாக வாசியுங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள். நாலு நாள் விட்டுப்போனால் ஐந்தாம் நாள் அறுபது வசனம் வாசித்துக் கடன் அடைக்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து அன்றைய பங்கை மட்டும் வாசியுங்கள்.

புத்தாண்டில் ஆளுக்கொரு வசனமாக எடுக்கிற வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எரேமியா 29:11 அச்சாகாத வருஷம் இல்லை. 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதின கடிதத்தின் நடுவில் உள்ள வரி அது. அதற்கு முந்தின வசனம், எழுபது வருஷம் ஆகும் என்கிறது. ஏழாம் வசனம், நீங்கள் சிறைப்பட்டிருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக விண்ணப்பம் பண்ணுங்கள் என்கிறது. அட்டையோடு நின்றுவிட்டவருக்கு அந்த எழுபது வருஷப் பொறுமையும் கிடைப்பதில்லை, பட்டணத்தின் மேல் வைக்க வேண்டிய அக்கறையும் கிடைப்பதில்லை. அட்டை எடுங்கள், தப்பில்லை. எடுத்த அன்றே அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிடுங்கள்.

இருபது நிமிஷத்தைப் பங்கிடும் விதம் இது. போன் வேறு அறையில் இருக்கட்டும். வேதாகமம் போனில்தான் இருக்கிறது என்றால், ஒரு சின்ன அச்சுப் பிரதி வாங்கிவிடுங்கள். வசனம் தேடப் போய் வாட்ஸ்அப்பில் முடிகிற காலைகள் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. முதல் மூன்று நிமிஷம் சும்மா இருங்கள். அடுத்த ஐந்து நிமிஷத்தில் பகுதியை வாய்விட்டு இரண்டு தடவை வாசிக்கலாம், இரண்டாம் தடவை மெதுவாக. பிறகு நோட்டில் மூன்று வரி. இயேசு யாரைப் பார்த்தார், என்ன செய்தார்? நம் ஊரில் அந்த நிலையில் இருப்பவர் யார்? இன்று நான் என்ன செய்யப் போகிறேன்?

மூன்றாவது வரியில்தான் பலர் வழுக்குகிறார்கள். 'ஏழைகளுக்கு உதவுவேன்' என்று எழுதினால் அதை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். 'பக்கத்துக் காம்பவுண்டில் இருக்கிற பீகார்ப் பையனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ராத்திரி எட்டரைக்குப் போய்ப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இருக்கிறதா என்று கேட்பேன்.' இப்படி எழுத வேண்டும். ஆள் தெரிய வேண்டும், நேரம் தெரிய வேண்டும். மீதி நேரம் அவருக்காக, அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். பெயர் தெரியாவிட்டால், அன்று செய்ய வேண்டிய முதல் வேலை பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்சில் கார்த்தூசிய மடத்துத் தலைவராக இருந்த இரண்டாம் கீகோ, வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், தேவ சமுகத்தில் அமர்ந்திருத்தல் என்று நாலு படி வகுத்தார். மடத்துக்கு அது நிறைவு. சந்தைக்கும் கம்பெனிக்கும் நடுவே வாழ்கிற நமக்கு ஐந்தாவதாகச் செய்தல் என்ற படியும் வேண்டும்.

லூக்காவில் மூன்று இடங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். நாயீன் ஊர் விதவையின் பாடை வருகிறது, ஏழாம் அதிகாரம். அடிபட்டவன் வழியில் கிடக்கிறான், பத்தாம் அதிகாரம். இளைய மகன் தூரத்தில் வருகிறான், பதினைந்தாம் அதிகாரம். மூன்றிலும் வரிசை ஒன்றுதான். பார்க்கிறார், மனதுருகுகிறார், கிட்டே போகிறார். அடிபட்டவனை அந்த வழியே வந்த ஆசாரியனும் லேவியனும்கூடக் கண்டார்கள். கண்டு, பக்கமாய் விலகிப் போனார்கள்.

அவன் கிடந்தது எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்குகிற வழியில். எருசலேம் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 750 மீட்டர் மேலே. எரிகோ ஏறக்குறைய 250 மீட்டர் கீழே. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவது மாதிரி ஓர் இறக்கம், ஆனால் மரம் மட்டை இல்லாத வெறும் பாறை. கள்ளர் பதுங்க அதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை. அங்கே வண்டியை நிறுத்துகிறவன் தன் உயிரைப் பணயம் வைக்கிறான். யூதர் ஒதுக்கிவைத்த சமாரியன் ஒருவன் அங்கே இறங்கினான். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் கூடவே ராத்தங்கினான். மறுநாள் இரண்டு பணம் எடுத்தான். மத்தேயு 20:2-இன்படி ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி. அந்த இரண்டு நாள் கூலியை அடிபட்டவன் கையில் அல்ல, சத்திரத்தான் கையில் கொடுத்தான். அதிகமானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். பிறகு தன் பயணத்தைத் தொடர்ந்தான்.

இதில் நமக்குப் பாடம் நிறைய. பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வழியில்லை என்று ஒரு தாய் வந்தால், பள்ளிக்கூட ஆபீசில் நேராகக் கட்டி ரசீதை அந்தம்மா கையில் கொடுங்கள். மீட்டர் வட்டியில் மாட்டினவர் கையில் பணமாகக் கொடுத்தால் அது அந்த வார வட்டிக்குப் போய்விடும், அசல் அப்படியே நிற்கும். அவரோடு உட்கார்ந்து, யாரிடம் எவ்வளவு அசல், இதுவரை எவ்வளவு கட்டினார் என்று முதலில் எழுதிப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறது. புகார் கொடுக்கத் துணைக்குப் போவதும் காயம் கட்டுவதுதான்.

நம் கொங்கு மண்ணிலேயே இதற்குச் சாட்சி உண்டு. நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதியர் வாழ்ந்தார்கள். அன்று மலையில் நரம்புச் சிலந்தி நோய் இருந்தது. காலில் கொப்புளம் வெடித்து, நூல் மாதிரிப் புழு தலை நீட்டும். நீளம் இரண்டு மூன்று அடி இருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோகும், உள்ளே நின்ற பாதி சீழ் வைத்துக் காலையே கெடுத்துவிடும். ஆகவே ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்கு ஓரிரு அங்குலம் என்று பல நாள் இழுக்க வேண்டும். ஜெஸ்ஸி அப்படித்தான் செய்தார். இரக்கத்துக்கு இந்தப் பொறுமை வேண்டும். தினமும் வந்து, ஓர் அங்குலம் சுற்றிவிட்டு, நாளைக்கு மறுபடியும் வர வேண்டும்.

ஆனால் இந்த நோய் ஒழிந்தது குச்சியால் அல்ல. கொப்புளக் காலோடு படிக்கிணற்றில் இறங்கினால் புழு அந்தத் தண்ணீரில் குஞ்சு விடும். குஞ்சைத் தெள்ளு மாதிரி இருக்கிற நீர்ப்பூச்சி தின்னும். அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளம் வரும். படிக்கிணறுகளைக் கால் படாதபடி இறைகிணறாக மாற்றி, தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கப் பழக்கின பிறகே அது நின்றது. 2000-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் இந்த நோய் இல்லை என்று சான்று தந்தது. புழுவைச் சுற்றி எடுக்கிறவரும் வேண்டும், கிணற்றுக்குச் சுவர் எழுப்புகிறவரும் வேண்டும். சபைகளில் முதல் வேலைக்கு ஆள் கிடைக்கிறார்கள், இரண்டாவது வேலைக்குக் கிடைப்பதில்லை. ஜெஸ்ஸி 1929-இல் மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். எவலின் முதிர்ந்த வயதிலும் மலைமக்களை விடவில்லை. 1974-இல் தமது 95-ஆம் வயதில் காலமானார்.

அந்தக் கிணற்றுச் சுவர் நம் ஊரில் எது? என் தீர்மானம், கூலி. முதலாளிகளும் காண்ட்ராக்டர்களும் இங்கே இருக்கிறீர்கள், தயவுசெய்து கேளுங்க. கிறிஸ்துமஸுக்குச் சேலையும் கேக்கும் கொடுத்துவிட்டு, சனிக்கிழமைக் கூலியைச் செவ்வாய்க்கு இழுக்கிற வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு அவர் கையில் காசில்லாமல் போனால், அந்த வாரத்து அரிசி, கடனை வட்டிக்கு வாங்கி வாங்கின அரிசி. பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு, 5:4. அதை மனப்பாடமாகச் சொல்கிற வீட்டில் கூலி பிந்தக்கூடாது.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். யோவான் 4-இல் இயேசு சமாரியப் பெண்ணிடம் போதிப்பதற்கு முன்னால் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொங்கு நாட்டில் எந்தத் தெருவில் யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பார்கள், யார் குடிக்கமாட்டார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அரிசி மூட்டையை வாசலில் இறக்கிவிட்டு, நின்றபடியே ஜெபித்துவிட்டுத் திரும்புவது சீஷத்துவம் ஆகாது. உள்ளே போய் உட்காருங்கள். தண்ணீர் கொடுத்தால் அவர்கள் டம்ளரில் வாங்கிக் குடியுங்கள். போட்டோ எடுக்காதீர்கள்.

நோயாளியைப் பார்க்கப் போனால் பதினைந்து நிமிஷம் போதும். கட்டிலில் உட்காராதீர்கள். ஜெபிக்கட்டுங்களா என்று கேட்டுவிட்டு, இரண்டு நிமிஷத்தில் முடியுங்கள். 'விசுவாசம் இருந்தா சுகமாயிரும்' என்று சொல்லவே சொல்லாதீர்கள். மகனைக் கொண்டுவந்த தகப்பன் 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று அழுதான், மாற்கு 9:24. அந்த அரைகுறை விசுவாசத்தை இயேசு தள்ளவில்லை. டிபி மருந்தை இரண்டாம் மாதம் இருமல் நின்றதும் 'ஆண்டவர் சுகம் தந்துவிட்டார்' என்று நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சாதாரண டிபிக்கு ஆறு மாதம் முழுவதும் சாப்பிட வேண்டும். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் திரும்பி வரும். மாத்திரையை நினைவுபடுத்துங்கள், அதுவும் ஊழியம். துக்க வீட்டுக்கு முப்பதாம் நாளோடு போக்குவரத்து நின்றுவிடுகிறது. மூன்றாம் மாதம் போங்கள். எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் சரியாகத்தான் இருந்தார்கள்.

இரவில் ஐந்து நிமிஷம் அந்த நோட்டைத் திறங்கள். மூன்றாவது வரி நடந்ததா? நடந்தால் பக்கத்தில் ஒரு டிக். நடக்கவில்லை என்றால் காரணத்தை ஒரு வார்த்தையில் எழுதுங்கள். நேரமில்லை, பயம், மறதி, கூச்சம். ஒரு மாதம் போனால் எந்த வார்த்தை அதிகம் வருகிறது என்று தெரியும். அதையே ஜெபக் குறிப்பாக வையுங்கள். கூச்சம்தான் அதிகம் என்றால் அடுத்த தடவை தனியாகப் போகாதீர்கள். ஆண்டவரும் சீஷரை இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார்.

நைட் ஷிப்ட் பார்க்கிறவர்கள் விடியற்காலை என்று இல்லாமல், தூங்கி எழுந்த நேரத்தைக் காலையாக வைத்துக்கொள்ளலாம். வாசிக்கத் தெரியாத அம்மாயிக்குப் பேரனோ பேத்தியோ வாசித்துக் காட்டட்டும். கேட்டுவிட்டு இன்றைக்கு யார் வீட்டுக்குப் போகலாம் என்று அம்மாயி சொல்லட்டும். தெருவில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். வண்டியில் உட்கார வைத்து அங்கே கூட்டிப்போவது பேரன் பொறுப்பு.