பழைய பிக்அப் எவ்வளவு எடை இழுக்கும்? – நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி நம்ம சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்லேருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. "அண்ணே, எங்கிட்ட 2009 ஹைலக்ஸ் பிக்அப், 3.0 டீசல், ஆட்டோ கியர். படகு ஒண்ணு வாங்கப் போறேன், ட்ரெய்லரோட சேர்த்து ஒன்றரை டன். கதவுல எம்எல்டபிள்யூ, அதாவது சுமையோட சேர்த்து அதிகபட்ச எடை, 2,700 கிலோ, காலி எடை 1,800ன்னு எழுதியிருக்கு. அப்ப 900 கிலோதான் இழுக்குமா?"

இல்ல தம்பி. அந்த 900 வண்டி முதுகுல சுமக்குற எடை. பின்னாடி இழுக்குறது வேற கணக்கு, அது கதவுல இருக்காது, வண்டியோட கையேட்டுல இருக்கும். ஆனா ரெண்டும் ஒரு இடத்துல சந்திக்கும். ட்ரெய்லர் எடையில பத்துல ஒரு பங்கு, வண்டி பின்னாடி ட்ரெய்லரை மாட்டுற கொக்கிமேல அழுத்தும்னு வச்சுக்கங்க. ஒன்றரை டன்னுக்கு 150 கிலோ. அது உங்க 900-லேருந்துதான் கழியும். அஞ்சு பேர் ஏறினா இன்னொரு 350 போச்சு. மிச்சம் 400. அதுல ஐஸ் பெட்டி, தூண்டில், பெட்ரோல் கேன் எல்லாம் ஏறணும்.

இன்ஜின் பத்தாதான்னு பல பேர் கேக்குறாங்க. உங்க 3.0 இன்ஜின் குடும்பம்தான் ஹையேஸ் வேன்லயும் இருக்கு, பழைய பிராடோலயும் இருக்கு. இழுக்குற அளவு மூணுக்கும் ஒண்ணா? கிடையாது. ஹைலக்ஸுக்கு அடியில ஏணி மாதிரி தனி சேஸிஸ். ஹையேஸுக்கு உடம்பும் தரையும் ஒரே கூடு. அதனால ஹைலக்ஸ் நம்பரை வேன்ல போட்டுப் பாக்காதீங்க.

அமெரிக்க பிக்அப் வீடியோ பாத்து மயங்கிடாதீங்க. எவ்வளவு இழுக்கும்னு அளக்க அங்க ஜே2807ன்னு பொது சோதனை முறை 2008-லதான் வந்துச்சு. முதல்ல ஏத்துக்கிட்டது டொயோட்டா, 2011 மாடல்லேருந்து. அரிசோனாவுல 18 கிலோமீட்டர் மேட்டுல சுமையோட ஏறணும், ஏசி முழுசா ஓடணும், அந்த மாதிரி சோதனை. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு, அவ்வளவுதான்.

நம்ம ஊர்ல அந்த மாதிரி மேடு எங்க இருக்கு? வெயிலும் ஜாமும்தான். ஆட்டோ கியர் வண்டி சுமையோட பிஐஇ விரைவுச்சாலையில நின்னு நின்னு போனா, கியர் ஆயில் கொதிக்கும். கியர் ஆயில் அளவு பாக்குற குச்சி, டிப்ஸ்டிக், அதை வெள்ளைத் துணியில துடைச்சுப் பாருங்க. சிவப்பா இருந்தா சரி. பழுப்பா, தீஞ்ச வாடையா இருந்தா முதல்ல ஆயில மாத்துங்க, தனி ஆயில் கூலரும் போடுங்க, அப்புறம் படகைப் பத்திப் பேசலாம்.

இன்னொரு விஷயம். படகு இழுத்த வண்டி பின்பக்கத்த உப்புத் தண்ணிக்குள்ள விட்டுருக்கும். போன வருஷம் ஒரு வண்டிக்கு அடியில படுத்து, கொக்கி போல்ட் பக்கத்துல ஸ்க்ரூடிரைவரால குத்தினேன். பிஸ்கட்டு மாதிரி உள்ள போச்சு, அவ்வளவு துரு! மேல பெயிண்ட் பளபளன்னு இருந்துச்சு, லா.

ட்ரெய்லர்ல பிரேக் இல்லேன்னா பேச்சே வேணாம். பிரேக் இல்லாத ட்ரெய்லருக்குப் பெரும்பாலான பிக்அப்புக்கு 750 கிலோதான். கொக்கி பார்ல ஒரு தகடு இருக்கும், அதுல போட்டிருக்கிற எடையையும் கையேட்டு எடையையும் பாருங்க. எது கம்மியோ அதுதான் உங்க நம்பர். ட்ரெய்லருக்குத் தனிப் பதிவு வேணும், இன்ஷூரன்ஸ்காரங்ககிட்டயும் சொல்லிடுங்க.

விக்கிறவரு சொன்ன ஒன்றரை டன்ன நம்பாதீங்க. இன்ஜின், பெட்ரோலோட படகை எடைமேடையில ஏத்தி, அந்தச் சீட்டையும் கொக்கித் தகடு படத்தையும் அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்.