பக்ஸ்டன்: தண்ணீரில் தொடங்கி மேலூர் வரை

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் ஸ்பா நகரம், அதாவது ஊற்றுநீர்க் குளியலுக்குப் பெயர்பெற்ற ஊர் என்றதும் பலருக்கும் பாத் நகரம்தான் நினைவுக்கு வரும். நான் இன்று பேசப்போவது டார்பிஷயர் மலைநாட்டில் இருக்கும் பக்ஸ்டனைப் பற்றி. மான்செஸ்டர் பிக்கடிலி நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். அவ்வளவு பக்கத்தில் இருப்பதாலேயே இந்த ஊரை அவசரமாகப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். பிறை வடிவக் கிரசன்ட் கட்டடத்தின் முன்னால் ஒரு படம், ஒரு தேநீர், அடுத்த வண்டி. ஊரின் நல்ல பாதி மேட்டின் மேலே இருப்பது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். கிரசன்டுக்கு எதிரே, சாலையோரத்தில், செயின்ட் ஆன்ஸ் வெல் என்ற குடிநீர் ஊற்று இருக்கிறது. சிங்க முகத்தின் வாயிலிருந்து இரவும் பகலும் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். காசு கிடையாது. கையை நீட்டினால் வெதுவெதுப்பாக இருக்கும். ஆண்டு முழுவதும் சுமார் 27, 28 டிகிரி செல்சியஸ். மழைநீர் சுண்ணாம்புப் பாறை வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, பல ஆயிரம் ஆண்டுகள் கழித்து மேலே வருகிறது. கடைகளில் பக்ஸ்டன் என்ற பெயரில் விற்கும் பாட்டில் தண்ணீரும் இந்த ஊர் ஊற்றுதான். ஆகவே காலி பாட்டில் கொண்டுபோங்கள். பிடித்தவுடன் குடித்தால் சூடு ஆறிய வெந்நீர் போலச் சப்பென்று இருக்கும்; ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்தால் அதன் மென்மை நாக்குக்குத் தெரியும். குளோரின் சேராத நீர் என்பதால் இரண்டொரு நாளில் குடித்து முடித்துவிடுவது நல்லது. உள்ளூர்க்காரர்கள் பெரிய கேன்களோடு வருவார்கள். ஒற்றைப் பாட்டில் வைத்திருப்பவருக்குப் பொதுவாக வழிவிடுவார்கள், கேட்டால் போதும்.

ரோமானியர் இந்த இடத்தை அக்குவே ஆர்னமெட்டியே என்று அழைத்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஐந்தாம் டெவன்ஷயர் கோமகன், பாத் நகரோடு போட்டி போட நினைத்து, யார்க் நகரத்து ஜான் காரைக் கொண்டு கிரசன்டை எழுப்பினார். 1780-இல் தொடங்கி 1789-இல் முடிந்த வேலை. பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, நீண்ட சீரமைப்புக்குப் பிறகு 2020 அக்டோபரில் விடுதியாகத் திறந்தது. கிரசன்டில் அந்நாளில் தங்கிய விருந்தினர்களின் குதிரைகளுக்கென்று கட்டிய லாயம்தான் மேற்குப் பக்கம் தெரியும் டெவன்ஷயர் டோம். லாயம் பின்னாளில் மருத்துவமனையாயிற்று. 1881-இல் அதன் நடு முற்றத்துக்கு மேல் குவிமாடம் போட்டார்கள். விட்டம் 44 மீட்டருக்குச் சற்று மேல். லண்டன் செயின்ட் பால் தேவாலயக் குவிமாடத்தைவிடப் பெரிது. இன்று அது கல்வி வளாகம். திருமணம், தேர்வு நடக்கும் நாளில் உள்ளே விடமாட்டார்கள், முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே போக முடிந்தால் சரியாக நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள்.

கிரசன்டை ஒட்டியிருக்கும் கேவன்டிஷ் ஆர்கேட் 1850-களில் கட்டிய வெந்நீர்க் குளியல் கூடம். இப்போது சிறு கடைகள். பழைய பீங்கான் ஓடுகள் சுவரில் அப்படியே இருக்கின்றன. நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்துத் தொட்டிக்குள் இறக்கும் அமைப்பையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். தலைக்கு மேலே 1987-இல் பிரையன் கிளார்க் வடிவமைத்த வண்ணக் கண்ணாடி வளைகூரை. வெயில் இருக்கும் நடுப்பகலில் போனால்தான் அந்த நிறம் தரையில் விழும்.

நகைக்கடைகளில் ப்ளூ ஜான் என்ற கல்லைப் பற்றிக் கேட்காமல் வராதீர்கள். ஊதாவும் மஞ்சளும் வரிவரியாக ஓடும் ஃப்ளூரைட் என்ற கனிமத்தின் வகை. பக்ஸ்டனுக்கு வடக்கே காசில்டன் மலையில் கிடைப்பது. வாங்குமுன் எந்தச் சுரங்கத்துக் கல் என்று கேளுங்கள். ட்ரீக் கிளிஃப், ப்ளூ ஜான் கேவர்ன் என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லவேண்டும். வேறு நாட்டு ஃப்ளூரைட்டும் பார்வைக்கு ஏறக்குறைய இப்படியே இருக்கும். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவில் இது 4 மட்டுமே, கத்தி கீறிவிடும். செதுக்கும்போது உடையாமலிருக்கப் பிசின் ஊட்டித்தான் அறுப்பார்கள். அது ஏமாற்று வேலை என்று எண்ணவேண்டாம். தினமும் கையில் கிடக்கும் மோதிரத்துக்கு இந்தக் கல் ஒத்துவராது. பதக்கமாகவோ தோடாகவோ வாங்குங்கள், வெந்நீரில் கழுவாதீர்கள்.

இனி மேலூர், அதாவது மேட்டின் மேலே இருக்கும் ஹையர் பக்ஸ்டன். கிரசன்டுக்கு எதிரேயுள்ள ஸ்லோப்ஸ் என்ற புல்மேட்டுப் பாதையில் ஏறினால் சில நிமிடங்களில் சந்தைத் திடலுக்கு வந்துவிடலாம். ஏற்றம் செங்குத்து, முழங்கால் வலிப்பவர்கள் டெரஸ் ரோடு வழியாக நின்று நின்று வரலாம். ஹை ஸ்ட்ரீட்டில் ஸ்க்ரிவனர்ஸ் என்ற பழைய புத்தகக் கடை ஐந்து தளங்களில் விரிந்திருக்கிறது. பழம்புத்தகங்களுக்கு பைண்டிங் செய்யும் பட்டறையும் அதில் உண்டு. குறுகிய படிகள், ஆகவே பெரிய பையைக் கீழேயே வைத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் ஒதுக்காமல் உள்ளே போவது வீண்.

பசித்தால் டார்பிஷயர் ஓட்கேக் கேளுங்கள். ஓட்ஸ் மாவையும் கோதுமை மாவையும் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, சூடான கல்லில் ஊற்றிச் சுடுவது. நம் தோசைக்கு நெருங்கிய உறவு, சற்றுத் தடிமன். பன்றி இறைச்சி வைத்துத் தருவது வழக்கம். சைவர்கள் சீஸும் காளானும் கேட்கலாம். ஆறினால் தோல் போலாகிவிடும், சூட்டோடு சாப்பிடவேண்டும்.

டெரஸ் ரோட்டில் இருந்த அருங்காட்சியகக் கட்டடம், மரச்சட்டங்கள் உளுத்துப்போனதால் 2023-இல் மூடப்பட்டது. பழைய வழிகாட்டிகளை நம்பிப் போய் ஏமாறவேண்டாம்.

ஊரின் தென்மேற்கு ஓரத்தில் பூல்ஸ் கேவர்ன் என்ற சுண்ணாம்புக் குகை. வழிகாட்டியோடுதான் உள்ளே போகமுடியும்; கோடையிலும் 7 டிகிரிதான், மேல்சட்டை வேண்டும். அங்கே "அவித்த முட்டை" என்று பெயர் வாங்கிய கூம்புகளைக் கவனியுங்கள். குகைக்கு மேலே முன்பு சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அவற்றின் கழிவில் ஊறிய நீர் சொட்டுவதால் இந்தக் கூம்புகள் மற்றவற்றைவிட வேகமாக வளர்கின்றன. உச்சியிலுள்ள ஆரஞ்சு நிறம் இரும்பால் வருவது.

மாலை வேளை ஆப்ரா ஹவுஸுக்கு. ஃபிராங்க் மாட்சம் வடிவமைத்து 1903-இல் திறந்த அரங்கம், சுமார் 900 இருக்கைகள். பல காலம் திரைப்படக் கொட்டகையாக ஓடி, 1979-இல் முதல் பக்ஸ்டன் விழாவோடு மீண்டும் மேடையாயிற்று. மேல்மாடத்துச் சீட்டு மலிவு, ஆனால் கால் நீட்ட இடமிராது; உயரமானவர்கள் ஓரத்து இருக்கையாகக் கேளுங்கள்.

உடை விஷயத்தில் கவனம் தேவை. ஊர் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1975 மே 31-இல் லங்காஷயர் கிரிக்கெட் அணிக்காக இங்கே கிளைவ் லாய்ட் 167 ஓட்டங்கள் குவித்தார்; ஜூன் 2-ஆம் தேதி திடல் முழுக்க வெண்பனி விழுந்து ஆட்டமே நடக்கவில்லை.

எந்த மாதம் போகலாம் என்றால், ஜூலை என்பேன். அப்போதுதான் பக்ஸ்டன் விழாவும், பூவிதழ்களால் ஆன படப்பலகைகளை ஊற்றுகளின் முன்னே நிறுவும் கிணறு அலங்கரிப்பும். ஆறாம் டெவன்ஷயர் கோமகன் 1840-இல் மேலூர்ச் சந்தைத் திடலுக்குக் குழாய் நீர் கொடுத்தார். அந்த நன்றியிலிருந்து வளர்ந்த வழக்கம் இது. மரப்பலகைகளை நாட்கணக்கில் தண்ணீரில் ஊறவைப்பார்கள். ஆணி அடித்த முகப்பில், உப்புச் சேர்த்துப் பிசைந்த களிமண்ணை இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்துக்கு அப்புவார்கள். வரைந்த தாளை மேலே விரித்து, கோடுகளின் மீது குத்திக் குத்திப் படத்தை மண்ணில் இறக்குவார்கள். கோட்டுக்கு ஆல்டர் மரக்காய், விதைகள், காப்பிக் கொட்டை, நிறத்துக்கு இதழ்கள். இதழைக் கீழ்வரிசையில் தொடங்கி, மேல்வரிசை அதன் விளிம்பை மூடும்படி பதிக்கவேண்டும். தலைகீழாகப் பதித்தால் மழைநீர் உள்ளே புகுந்து இதழ்களைப் பிய்த்துவிடும். பலகை சரியாக ஊறாவிட்டால் மண்ணின் ஈரத்தை அதுவே உறிஞ்சிக்கொள்ளும்; படம் வெடிக்கும். நன்றாகச் செய்ததுகூட ஒரு வாரம்தான் தாங்கும். ஆகவே தேதியைக் கேட்டறிந்து, நிறுவிய முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் போய்விடுங்கள். வேலை நடக்கும்போதே பார்க்கவும் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். அதற்கு ஒரு நாள் முன்னதாகவே ஊரில் இருக்கவேண்டும்.

நன்றி, வணக்கம்.