ஒல்லி நட்டு கீழயா, மேலயா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். ஸ்பிரிங் வாஷர் பத்திப் பேசின வீடியோவுக்குக் கீழ ஓசூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். மெயின்டனன்ஸ்ல புதுசா சேர்ந்திருக்காராம். அவர் கேட்டதை அப்படியே படிக்கிறேன்: "டிராயிங்ல 'ஐஎஸ்ஓ 4035 – எம்12 – 04'னு போட்டிருக்கு. கடையில கேட்டா ஹாஃப் நட்டுன்னு ஒண்ணு கொடுத்தாங்க. அதுல 18 ஸ்பேனர் ஏறல, 19தான் ஏறுது. இது அதே நட்டுதானா? டபுள் நட்டு போடறப்ப இந்த ஒல்லி நட்டு கீழ வரணுமா, மேல வரணுமா? சீனியர் மேலதான்னு சொல்றார்."

நல்ல கேள்வி தம்பி. புதுசா பார்க்கறவங்களுக்கு: ஐஎஸ்ஓ 4035ங்கிறது ஒல்லி நட்டுக்கான சர்வதேச ஸ்டாண்டர்ட், எம்12னா 12 மில்லி விட்ட போல்ட்டுக்கானது. டபுள் நட்டுன்னா கழலாம இருக்க ஒரே போல்ட்ல ஒண்ணுமேல ஒண்ணா ரெண்டு நட்டு போடறது. முதல்ல பேர் குழப்பத்தை முடிச்சிடுவோம். ஹாஃப் நட்டு, ஜாம் நட்டு, செக் நட்டு, லாக் நட்டு, எல்லாம் இதைத்தான் சொல்றாங்க. லேத்து ஓட்டறவர்கிட்ட மட்டும் போய் ஹாஃப் நட்டு வேணும்னு கேட்காதீங்க. அவருக்கு ஹாஃப் நட்டுன்னா மரை வெட்டும்போது லீட் ஸ்க்ரூவைக் கவ்விப் பிடிக்கிற அந்த ரெண்டு பாதி. வேற சமாசாரம்.

இப்ப கையில வெச்சிருக்கேன் பாருங்க. இது எம்12 முழு நட்டு. வெர்னியர்ல உயரம் 10.6 காட்டுது. இது ஒல்லி நட்டு, 5.86. ஐஎஸ்ஓ 4035ல எம்12க்கு உயரம் 6 மில்லிக்கு மேல போகக்கூடாது, 5.7க்குக் கீழ இறங்கக்கூடாது. போல்ட் விட்டத்துல ஏறக்குறைய பாதின்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. எம்10க்கு 5, எம்16க்கு 8, எம்20க்கு 10. ரெண்டு முகத்துலயும் ஓரம் சாய்ச்சு விட்டிருக்கா? அதுதான் சாம்ஃபர். சாம்ஃபர் இல்லாம வர்றது ஐஎஸ்ஓ 4036, அது எம்10 வரைக்கும்தான். ஃபைன் த்ரெட், அதாவது நெருக்கமான மரைன்னா ஐஎஸ்ஓ 8675. நம்ம இந்தியன் ஸ்டாண்டர்ட்ல ஐஎஸ் 1364, அதுல நாலாவது பாகம் சாம்ஃபர் உள்ளது, அஞ்சாவது பாகம் இல்லாதது.

அப்ப அந்த 19 எங்க இருந்து வந்துச்சு? உங்களுக்குக் கடையில கொடுத்தது ஜெர்மன்காரங்களோட பழைய ஸ்டாண்டர்ட், டின் 439. எம்12ல உயரம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், த்ரெட்டும் ஒண்ணுதான். ஸ்பேனர் பிடிக்கிற அகலம் மட்டும் அதுல 19, ஐஎஸ்ஓல 18. இந்த வித்தியாசம் எம்10, எம்12, எம்14, எம்22, இந்த நாலு சைஸ்ல வரும். எம்8, எம்16க்கெல்லாம் ஒரே ஸ்பேனர் போதும். டின் 936னு இன்னொண்ணும் கலந்து கொடுப்பாங்க, அதுல எம்12 உயரம் 7 மில்லி. இடம் நெருக்கமா இருந்தா அந்த ஒரு மில்லியே இடிக்கும். அதனால கடையிலயே வெர்னியர் வெச்சுப் பார்த்துட்டு வாங்குங்க.

சரி, டிராயிங்ல அந்த 04. இதைத்தான் நிறைய பேர் கண்டுக்கிறதே இல்ல. முழு நட்டுல 8, 10னு பலத்தோட கிளாஸ் போட்டிருக்கும். 8 நட்டு 8.8 போல்ட்டுக்கு ஜோடி. ஒல்லி நட்டுல முன்னாடி ஒரு பூஜ்யம் இருக்குல்ல, அது எச்சரிக்கை. 'நான் முழு லோடு தாங்க மாட்டேன், போல்ட் அறுறதுக்கு முன்னாடி என் மரை போயிடும்'னு நட்டே சொல்லுது. கணக்கு பார்ப்போம். எம்12, 04 நட்டோட ப்ரூஃப் லோடு, அதாவது கெடாம தாங்க வேண்டிய லோடு, சுமார் 32 கிலோநியூட்டன். நம்ம பேச்சுல மூணே கால் டன். 05 நட்டு, அது ஹீட் ட்ரீட் பண்ணினது, 42. ஆனா 8.8 போல்ட்டோட ப்ரூஃப் லோடே 49க்குப் பக்கம். 8 கிளாஸ் முழு நட்டு 74 வரைக்கும் தாங்கும். அதாவது போல்ட் தாங்குற அளவுக்கு இந்த நட்டு தாங்காது.

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல மோட்டார் பேஸ்ல போல்ட் நீளம் பத்தலன்னு யாரோ நாலு மூலைக்கும் ஹாஃப் நட்டைப் போட்டுட்டாங்க. டைட் பண்ணும்போது 'கும்'னு ஏறுது, திடீர்னு லேசாகுது. மரை வழிஞ்சு போச்சு. போல்ட் அறுந்தா கண்ணுக்குத் தெரியும். மரை பாதி வழிஞ்சா வெளிய ஒண்ணுமே தெரியாது, பார்க்க நட்டு உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். ரெண்டு மாசம் கழிச்சு பெல்ட் கத்த ஆரம்பிச்சதும்தான் பிடிச்சோம். போல்ட் குட்டைன்னா நீள போல்ட் வாங்குங்க, நட்டை ஒல்லியாக்காதீங்க.

இப்ப கீழயா, மேலயா? உங்க சீனியர் கோவிச்சுக்கக் கூடாது. ஒல்லி நட்டு கீழ, முழு நட்டு மேல. பார்க்க தலைகீழாத்தான் தெரியும். ஆனா மேல் நட்டை இறுக்கும்போது என்ன நடக்குதுன்னு பாருங்க. மேல் நட்டு கீழ் நட்டைப் போட்டு அமுக்குது. கீழ் நட்டு கொஞ்சம் கீழ இறங்குது, அதோட மரை போல்ட் மரையை விட்டு விலகி எதிர்ப்பக்கம் போய்ச் சாயுது. இழுவை முழுக்க மேல் நட்டுக்குப் போயிடுது. லோடு வாங்கறது மேல் நட்டுன்னா அது தடியா இருக்கணுமா, ஒல்லியா இருக்கணுமா?

அப்ப ஏன் எல்லாரும் மாத்திப் போடறாங்க? என்னைக் கேட்டா, ஸ்பேனர்தான் காரணம். சாதாரண ஸ்பேனரோட வாய் கனம் 6 மில்லிக்கு மேல இருக்கும். ஒல்லி நட்டு கீழ இருந்தா அதைத் தனியாப் பிடிக்க முடியாது, மேல் நட்டையும் சேர்த்துக் கவ்விடும். சைக்கிள் கடையில தகடு மாதிரி கோன் ஸ்பேனர் வெச்சிருப்பாரே, அந்த மாதிரி ஒண்ணு வேணும். நான் ஒரு பழைய 18-19 ஸ்பேனரை கிரைண்டர்ல ரெண்டு பக்கமும் தேய்ச்சு வெச்சிருக்கேன், இதோ. தேய்க்கும்போது சூடேறி இரும்புல நீலம் பாயவிடாதீங்க, அடிக்கடி தண்ணியில முக்கணும்.

போடற முறை: ஒல்லி நட்டை முதல்ல முழு டார்க்ல, அதாவது முறுக்கு விசையில, கால்வாசியில இருந்து பாதி வரைக்கும் இறுக்குங்க. அப்புறம் அதை இந்த ஸ்பேனரால அசையாமப் பிடிச்சுக்கிட்டு மேல் நட்டை முழு டார்க்குக்கு இறுக்குங்க. பிடிக்காம இறுக்கினா ரெண்டும் சேர்ந்து சுத்தும், லாக்கே ஆகாது. பக்கவாட்டு அதிர்வுலதான் நட்டு அதிகமா கழலும்னு 1969லயே யுங்கர்ங்கிற ஜெர்மன் இன்ஜினியர் மெஷின் செஞ்சு காட்டினார். அந்த மாதிரி இடத்துல, சரியா போட்ட டபுள் நட்டு நிக்கும், ஏனோதானோன்னு போட்டது நிக்காது.

இதுல ஒரு விதிவிலக்கு. டை ராடு, சிலிண்டர் ராடுல போடற ஃபோர்க், டேப்பெட் ஸ்க்ரூ, மெஷின் கால் லெவலிங் ஸ்க்ரூ, இங்கெல்லாம் கீழ மேலங்கிற பேச்சே இல்ல. அங்க லோடை த்ரெட் போட்ட பாடியே வாங்கிக்குது. ஒல்லி நட்டோட வேலை அட்ஜஸ்ட் பண்ணின இடம் நகராம இருக்கப் பிடிச்சுக்கிறது மட்டும்தான். பக்கத்துல பொருள் வந்தா உணர்ற பிராக்சிமிட்டி சென்சாரோட வர்ற ரெண்டு நட்டும் அதே கதை. அதை முழு பலத்தோட முறுக்கி சென்சார் உடம்பு மரையைக் கெடுத்தவங்க நிறைய பேர், நானும் ஒருத்தன்.

தம்பி, நீங்க வாங்கின 19 நட்டு எம்12, உயரம் 6க்குள்ள, மேல 04 முத்திரை இருக்குன்னா லாக் பண்ற வேலைக்கு ஓடும். ஆனா டிராயிங்ல 4035னு இருக்கறதால, மாத்திப் போடறதுக்கு முன்னாடி உங்க டிசைன் ஆள்கிட்ட ஒரு வார்த்தை எழுதி வாங்கிக்கோங்க. பக்கத்துல சுவர் இருந்து 19 ஸ்பேனர் திரும்ப இடமில்லாமப் போகலாம், அதையும் ஒரு தடவை பார்த்துடுங்க.